அப்பாவின் பெயரில் இறந்தவர்

இதை யாருக்கும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். வாசித்து முடித்ததும் கிழித்துவிடுங்கள். கடைசியில் எழுதப்போகும் பெயரை மட்டும் மனதில் வைத்திருங்கள். போன ஆவணியில் லூர்து மாதாவிடம் போன பஸ்ஸில் எங்களோடு வந்தவர்களுக்காக எழுதுகிறேன். மாமாவை நீங்கள் அறிவீர்கள். பின் சீற்றில் இருந்து செபமாலைக்கு நடுவில் பகிடி விட்டுக்கொண்டு வந்தவர். யாராவது இறந்தால் பாரிஸில், ரூ லூயி-பிளாங் தெருவில், தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் படத்தோடு நோட்டீஸ் ஒட்டுவார்கள். மாமாவுக்கு அப்படி ஒன்றும் ஒட்டவில்லை. அவர் கனடாவுக்குப் போய்விட்டார் என்று அம்மா உங்களிடம் சொன்னார். அது பொய்.

செய்தி தை மாதத்தில் ஒரு காலையில் வந்தது. மாமா இரவு வேலையிலிருந்து வரவில்லை. நான் பள்ளிக்கூடம் போவதற்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார்கள். திறந்தால் இரண்டு பொலிஸ்காரர். அப்பாவின் முழுப் பெயரைச் சொல்லி, அவருடைய வீடு இதுதானா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது, அதனால் வீட்டில் எல்லாவற்றையும் நான்தான் மொழிபெயர்ப்பேன். உயரமானவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினார். அவர் சொன்னதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, அப்பா ராத்திரி மெற்றோப் படியிலை சறுக்கி விழுந்து செத்துப்போனாராம்."

அப்பா அப்போது குசினியில், சமையல் மூலையை மறைத்த திரைக்குப் பின்னால், தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். பொலிஸ் குரல் கேட்டதும் அங்கே போனவர். அம்மா என்னைப் பார்த்தார், பிறகு குசினிப் பக்கம் பார்த்தார், பிறகு கதவுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் ஆணியைப் பார்த்தார். அதன் பிறகுதான் நிலத்தில் குந்தி அழத் தொடங்கினார். அது உண்மையான அழுகை. யாருக்காக என்பது மட்டும் பொலிஸ்காரருக்குத் தெரியாது. மற்றவர் தண்ணீர் எடுத்துவர என்று குசினிப் பக்கம் திரும்பினார். நான் எடுக்கிறேன் என்று முன்னால் போனேன். திரைக்கு அடியில் அப்பாவின் கால்விரல்கள் தெரிந்தன. கோப்பையில் தண்ணீர் நிரப்பினேன். அப்பா விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அந்த ஆணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா அம்மாவின் கூடப்பிறந்தவர் இல்லை. ஊரில் எங்களுக்கு அவரைத் தெரியவும் தெரியாது. தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பெல்லில் படுக்க இடமில்லாமல் நின்றவரை அப்பா ஒரு இரவுக்கு என்று கூட்டிவந்தார். அம்மாவை அக்கா என்றார், அப்பாவை அத்தான் என்றார், அப்படியே இருந்துவிட்டார். குசினியில் திரை கட்டி, அதற்குப் பின்னால் அவருடைய மெத்தை. அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். இங்கே தங்கி வேலை செய்ய அனுமதிக்கும் அட்டை, கார்த், அப்பாவிடம் மட்டும்தான் இருந்தது. அப்பா காலையில் ஒரு அலுவலகம் துப்புரவாக்கப் போவார். மாமா பின்னேரம் அதே கார்த்தோடு ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவப் போவார். அங்கே அவருக்கும் அப்பாவின் பெயர்தான், பிலிப். கார்த் ஒரு நீல ஜாக்கெட்டின் உள்பையில் இருக்கும். ஜாக்கெட் அந்த ஆணியில் தொங்கும். வெளியே போகிறவர் அதைப் போட்டுக்கொண்டு போவார், மற்றவர் அவர் வரும்வரை வீட்டில் இருப்பார். இருவரும் ஒரே நேரத்தில் வெளியே போகக் கூடாது. அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

மாமா காலையில் கண் விழித்ததும் திரையை விலக்கிக்கொண்டு கேட்பார்: "இண்டைக்கு ஆர் பிலிப்?"

வேலையிலிருந்து வந்தால், "அத்தான், உங்கடை பேரிலை இண்டைக்கு ரெண்டு தட்டு உடைச்சுப்போட்டன்" என்பார்.

"டேய், என்ரை பேரைக் கெடுக்காதை."

"நீங்கள் பயப்பிடாதேங்கோ. சமையல்காரன் உங்களைத்தான் நல்லவன் எண்டு சொல்லுறான். நான் ஆளை மாத்தி வைச்சிருக்கிறன்."

அப்பா பகிடி விடமாட்டார். ஆனால் அதைக் கேட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

லூர்துப் பயணத்தின்போதுதான் அந்தச் சட்டத்தை முதலும் கடைசியுமாக மீறினோம். மாமா எங்களைப் போல மாதாவைக் கும்பிடும் வேதக்காரர் இல்லை, சைவம். மெத்தைக்குக் கீழே ஒரு சின்னப் பொட்டலத்தில் திருநீறு வைத்திருந்தார். இருந்தாலும் அம்மா அவரை விட்டுவிட்டுப் போக மறுத்தார். "வழியிலை மறிச்சா?" என்று அப்பா கேட்டார். "மாதாவிட்டைப் போற பஸ்ஸை ஆர் மறிக்கிறது?" என்றார் அம்மா. அப்பா ஜாக்கெட்டோடு முன் சீற்றில் இருந்தார், மாமா பின் சீற்றில். ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போல இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாமாவால் அது முடியவில்லை. பொர்தோ நகரம் தாண்டும்போது பின்னாலிருந்து கத்தினார்: "முன்னுக்கு இருக்கிற ஐயா, நீங்கள் கலியாணம் கட்டின ஆளோ? இஞ்சை ஒரு பொம்பிளை உங்களுக்கு இடியப்பம் குடுத்துவிடுறா." பஸ் முழுவதும் சிரித்தது.

திரும்பி வரும் வழியில் அத்திலாந்திக் கடற்கரையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். பைன் மரக் காட்டுக்குள் நிறுத்திவிட்டு மணல் மேட்டில் ஏறினோம். மேலே போனதும் காற்று முகத்தில் அறைந்தது. கடற்கரை இரண்டு பக்கமும் முடியாமல் கிடந்தது. கடல் எங்கோ தூரத்தில் இருந்தது. கறுப்பு ரப்பர் உடுப்புப் போட்ட பொடியன்கள் நீளப் பலகைகளைக் கைக்குள் இடுக்கிக்கொண்டு அதை நோக்கி நடந்து போனார்கள். அலையில் பலகையை விட்டு, அதன்மேல் எழுந்து நின்று, விழுந்து, மறுபடியும் போனார்கள். பிரெஞ்சுக் குடும்பங்கள் காற்றுக்குக் கோடு போட்ட துணியை மறைப்பாகக் கட்டிக்கொண்டு, மேட்டின் அடியில், கடலிலிருந்து வெகு தூரத்தில் இருந்தன.

எபினேயில் இருக்கும் மெற்றில்டா அன்ரிதான் எங்கள் பஸ்ஸுக்குத் தலைவி. அவர் இறைச்சிக் கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வரைக்கும் நடந்தார். "தண்ணிக்குப் பக்கத்திலை இருந்தா சட்டி கழுவ லேசு" என்றார். எல்லோரும் பின்னால் போய், ஈர மணலில் பாய் விரித்தோம்.

"இவ்வளவு நல்ல இடத்தை விட்டுப்போட்டு இந்தச் சனம் ஏன் அங்கை போய்க் குந்தியிருக்குது?" என்று ஒருவர் கேட்டார்.

"வெள்ளையளுக்குக் கடற்கரையிலை இருக்கத் தெரியாது" என்றார் அன்ரி. சுற்றிலும் உடுப்பில்லாமல் வெயில் காய்ந்தவர்களைக் கண்டு அவருக்கு வேறு கவலையும் இருந்தது. "ஆம்பிளையள் எல்லாரும் கடலைப் பாருங்கோ. அக்கம்பக்கம் பாக்கக் கூடாது."

"நான் கடலைத்தான் பாக்கிறன் அக்கா" என்றார் மாமா. "அவையள்தான் எழும்பிக் கடலுக்குள்ளை போகினம்."

ஊரில் எங்கள் கடல் இப்படி இல்லை. காலையில் எங்கே இருந்ததோ மாலையிலும் கிட்டத்தட்ட அங்கேயேதான். பாய் விரித்தால் விரித்த இடத்தில் கிடக்கும். இந்தக் கடல் ஏறும், இறங்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு பலகைப் பொடியன் நின்று, எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போனான். என்ன சொன்னான் என்று அன்ரி கேட்டார்.

"கடல் ஏறுதாம்" என்றேன்.

"ஏறட்டும்" என்றார் மாமா. "வந்தா அதுக்கும் ஒரு பிடி சோறு குடுப்பம்."

சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது வந்தது. அலை என்று சொல்ல முடியாது, தண்ணீர் ஒரே விரிப்பாக வந்து பாய்களை அடியோடு தூக்கியது. செருப்புகள் போயின, தட்டுகள் போயின. கறிச் சட்டி மூடியோடு மிதந்து போனது. பெண்கள் சீலையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளை இழுத்தார்கள். அப்பா என்னைத் தூக்கினார். அப்போதுதான் ஜாக்கெட் ஞாபகம் வந்தது. வெயிலுக்குக் கழற்றிப் பாயின் தலைப்பக்கம் மடித்து வைத்திருந்தார். நீலமாக ஏதோ ஒன்று தண்ணீரின் மேல் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

மாமாவுக்கு நீந்தத் தெரியாது. அவருடைய ஊர் காட்டுப் பக்கம், கடலில் அதுவரைக்கும் கால் நனைத்ததில்லை. அவர்தான் ஓடினார். இடுப்பு வரை போனார், நெஞ்சு வரை போனார், பிறகு தெரியவில்லை. அம்மா மாதாவைக் கூப்பிட்டார். ஒரு பலகைப் பொடியன் அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். மாமா மூக்கால் தண்ணீர் ஓட, ஒரு கையால் ஜாக்கெட்டைத் தலைக்கு மேலே பிடித்தபடி வந்தார்.

"அக்கா, உங்கடை மனிசனைக் காப்பாத்திப்போட்டன்" என்றார்.

சற்று நேரத்தில் இன்னொரு பொடியன் கடலிலிருந்து நடந்து வந்தான். அவனுடைய பலகையின் மேல் எங்கள் கறிச் சட்டி இருந்தது. மூடி போகவில்லை. பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக் குடும்பங்கள் எழும்பி நின்று கை தட்டின. மெற்றில்டா அன்ரி அவனுக்கு ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டுக் கொடுத்தார். அவன் உறைப்பில் அழுதுகொண்டே சாப்பிட்டு முடித்தான்.

பிறகு கார்த்தைப் பார்த்தோம். உறைக்குள் தண்ணீர் போய், படத்தில் அப்பாவின் முகம் கரைந்திருந்தது. தலைமயிரும் ஒரு சட்டைக் கழுத்தும் தெரிந்தன. நடுவில் மண்ணிறமாக ஒரு மங்கல். அப்பா அதைக் கையில் வைத்துச் சட்டை நுனியால் ஒற்றினார். புதிது எடுக்கப் போனால் எத்தனை கேள்வி கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மாமா எட்டிப் பார்த்தார். "நல்லது, அத்தான். இனி இது ரெண்டு பேருக்கும் பொருந்தும்."

அவர் சொன்னபடிதான் நடந்தது. மெற்றோவில் இரண்டு தடவை அவரை மறித்து, கார்த்தைப் பார்த்துவிட்டுப் போக விட்டார்கள். மூன்றாவதாக அதைப் பார்த்தவர்கள், படியில் கிடந்தவருடைய பையிலிருந்து எடுத்தவர்கள்.

அந்தக் கடற்கரையில் இன்னும் ஒன்று நடந்தது. நீங்கள் எல்லோரும் மேட்டின் அடிக்குப் போய், பிரெஞ்சுக்காரரின் பக்கத்தில் பாய் விரித்து ஈரம் உலர்த்திக்கொண்டிருந்தீர்கள். நான் தண்ணீரைப் பார்த்துப் பயந்து பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தேன். கடல் இன்னும் வந்துகொண்டே இருந்தது. மாமா சோற்றுக் கரண்டியை எடுத்துக்கொண்டு போய், தண்ணீர் தொட்ட இடத்தில் குத்தி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் குந்தினார். தண்ணீர் கரண்டியைத் தாண்டினால் பிடுங்கி, பின்னால் வந்து மறுபடியும் குத்தினார். சின்னப் பிரெஞ்சுப் பிள்ளைகள் வந்து தங்கள் மண்வெட்டிகளையும் வரிசையாகக் குத்தினார்கள். நான் சாப்பிடவில்லை என்றதும் என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, ஒரு தட்டைத் தந்தார்.

"பயந்தவைக்கும் பசிக்கும், பிள்ளை. முதல்லை சாப்பிடு."

சாப்பிட்டேன். கரண்டி ஒரு இடத்தில் நின்றது. தண்ணீர் அதைத் தொட்டது, மறுபடி தொட்டது, பிறகு தொடவில்லை. "பாத்தியே" என்றார் மாமா. "எவ்வளவு வந்தாலும் ஒரு இடத்திலை நிண்டு திரும்பும்."

ஆஸ்பத்திரியில் அவரைக் காட்டினார்கள். நானும் அம்மாவும் போனோம். நெற்றியின் ஒரு பக்கம் நீலமாக இருந்தது. விரல்கள் கோப்பை கழுவிச் சுருங்கியபடியே இருந்தன. இவர் உங்கள் கணவரா என்று கேட்டார்கள். நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா ஓம் என்றார். நான் பிரெஞ்சில் உய் என்றேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. ஜாக்கெட்டை ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுத் தந்தார்கள். கார்த்தை அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

அடக்கத்துக்கு அம்மாவும் நானும் போனோம். ரெஸ்ரோறன்ரின் பிரெஞ்சுச் சமையல்காரரும் பூவோடு வந்து, பிலிப், பிலிப் என்று சொல்லி அழுதார். அப்பா வரவில்லை. அவருடைய அடக்கத்துக்கு அவர் எப்படி வருவது? பெட்டியை மூடுவதற்கு முன் அம்மா மெத்தைக்குக் கீழே இருந்த பொட்டலத்தைப் பிரித்து, மாமாவின் நெற்றியில் திருநீறு பூசினார். அம்மா வாழ்க்கையில் அதைத் தொட்டதில்லை. கோணலாக விழுந்தது. பெட்டிக்காரர் அதைத் தூசி என்று நினைத்துவிட்டார். மிகவும் மரியாதையாக, தன்னுடைய லேஞ்சித் துணியை எடுத்துத் துடைத்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்தார். இதை மொழிபெயர்க்க எனக்குத் தெரியவில்லை. மூடிவிட்டார்கள். குருவானவர் பிலிப்பின் ஆன்மாவுக்காகச் செபித்தார்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியை என் தோளில் கை வைத்து, அப்பாவைப் பற்றித் துக்கம் சொன்னார். மெர்சி என்றேன். வீட்டுக்கு வந்தால் அப்பா முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மதாம் சூப் கொண்டுவந்தால் அப்பா திரைக்குப் பின்னால், மாமாவின் மெத்தையில் போய் இருப்பார். அவருக்கு வேலை இல்லை, கார்த் இல்லை, வெளியே போவதும் இல்லை. பிரெஞ்சுக்காரருக்கு அப்பா மண்ணுக்குள் இருக்கிறார். தமிழருக்கு மாமா கனடாவில் இருக்கிறார். வீட்டில் யாரும் மாமாவுடைய பெயரைச் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

இன்று பின்னேரம் அப்பா சொன்னார்: "நாளைக்குக் காலமை நான் போய்ச் சொல்லப்போறன்."

"என்னத்தை?"

"நான் சாகேல்லை எண்டு. செத்தவன் ஆர் எண்டு."

"ஒரு கார்த்திலை ரெண்டு பேர் வேலை செய்ததெண்டு தெரிஞ்சா எங்களை எல்லாம் பிடிச்சு அனுப்புவாங்கள்" என்றார் அம்மா. "போனவன் போட்டான். இருக்கிற பிள்ளையைப் பாருங்கோ."

"அவன்ரை தாய் ஊரிலை, மகன் கனடாவிலையிருந்து வருவான் வருவான் எண்டு எத்தினை வருசம் பாத்துக்கொண்டு இருக்கிறது? என்ரை பேரிலை தட்டு உடைச்சான், சரி. என்ரை பேரிலை செத்தும் போனான். பேரை எண்டாலும் திருப்பிக் குடுக்க வேணும்."

இரவு யாரும் சமைக்கவில்லை. நான் பாண் வெட்டி இருவருக்கும் கொடுத்தேன். பயந்தவர்களுக்கும் பசிக்கும். இருவரும் சாப்பிட்டார்கள்.

நாளை அப்பா போவாரா, போனால் திரும்பி வருவாரா, எங்களை அனுப்பிவிடுவார்களா, எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. அதனால்தான் அதற்கு முன் இதை எழுதி வைக்கிறேன். மாமாவிடமிருந்து என்னிடம் இருப்பது அதிகம் இல்லை. கரண்டி அம்மாவுடையது. ஜாக்கெட்டை அப்பா திரும்பவும் ஆணியில் மாட்டியிருக்கிறார், யாரும் அதைப் போடுவதில்லை. காலையில் கண் விழித்ததும் இண்டைக்கு ஆர் பிலிப் என்று ஒரு குரல் கேட்கும் என்று நினைத்து, கொஞ்ச நேரம் படுத்திருக்கிறேன். அந்தக் கொஞ்ச நேரம் என்னுடையது. மற்றது அவருடைய பெயர். அதை நான் வைத்திருக்கிறேன். இவ்வளவு நேரமும் எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்ததும் அதைத்தான்.

அவருடைய பெயர் தவராசா. செல்லையா மகன் தவராசா. ஊர் நெடுங்கேணி. அவருடைய அம்மாவின் பெயர் தெய்வானை. அவர் கனடாவுக்குப் போகவில்லை. இங்கே, பிலிப் என்று எழுதிய சிலுவைக்குக் கீழே இருக்கிறார். நெற்றியில் திருநீறு பூசித்தான் அனுப்பினோம். துடைத்ததை அவருடைய அம்மாவுக்குச் சொல்லாதீர்கள். ஊருக்குப் போகிறவர் யாராவது அந்தப் பக்கம் போனால்

கதவைத் தட்டுகிறார்கள். வெளியே பிரெஞ்சுக் குரல் கேட்கிறது. மாமா வேலை முடிந்து வந்து தட்டுகிற நேரம் இது. அப்பா எழும்பித் திரைக்குப் பின்னால் போகாமல் நடுவில் நிற்கிறார். அம்மா என்னைப் பார்க்கிறார். நான்தான் போய் மொழிபெயர்க்க